மல்லிகாவின் முதுகில் உட்கார்ந்தவர்கள்

கல்யாணத்துக்குக் குதிரை விடுகிற தொழிலில் குதிரையைப் பழக்குவது கால் பங்கு வேலைதான். மீதி முக்கால் பங்கு, வாழ்க்கையில் முதல் முறையாகவும் கடைசி முறையாகவும் குதிரை ஏறுகிற ஒரு மனிதரை மண்டபம் போய்ச் சேரும்வரை கீழே விழாமல் உட்கார வைப்பது.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள், நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவர்கள், குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நர்சம்மாக்கள் எல்லாரும் என் கட்சி. பயந்தவர்களை வைத்துத்தான் நமக்குப் பிழைப்பு. ஆனால் உங்களுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் ஒருவர்தான். எனக்குச் சேணத்துக்கு மேலே ஒருவர், கீழே ஒருத்தி. இரண்டு பேரில் யார் முதலில் பயந்தாலும் அடுத்தவருக்கு அது அம்மைபோல ஒட்டிக்கொள்ளும்.

என் பெயர் அமுதா. அடி அண்ணாமலையில் வீடு. பிறந்த வீட்டில் மல்லாட்டை பயிர் வைப்பார்கள்; எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். மாடு தெரியும், ஆடு தெரியும். குதிரையைக் கிட்டத்தில் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான். என் வீட்டுக்காரர் சேகர் அந்தியூர் சந்தையிலிருந்து ஒரு வெள்ளைப் பெண் குதிரையை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். மல்லிகா என்று பெயர் வைத்தோம். ஒன்பது வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையை ஏற்றி உட்கார வைப்பது அவர் வேலை, தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது என் வேலை. பௌர்ணமியன்று மட்டும் லீவு. கிரிவலக் கூட்டத்தில் மனிதரே நகர முடியாது, குதிரை எங்கே போகும்?

மல்லிகாவுக்குப் பட்டாசு பயமில்லை, பேண்டு சத்தமும் பயமில்லை. படபடவென்று ஆடுகிற எதுவும் ஆகாது. காற்றில் அடிக்கிற பேனர், திடீரென்று விரிகிற குடை, பறக்கிற துப்பட்டா. இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றுகிற ட்ரோனும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. விற்றவர் இதைச் சொல்லவில்லை. விற்கிறவர்கள் எதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்?

செல்போனில் படித்துவிட்டு வந்தவர்

ஒரு மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பயந்த குதிரைமேல் பத்திரமாக உட்காருவது எப்படி என்று ஒரு வாரமாகச் செல்போனில் பார்த்துவிட்டு வந்திருந்தார். சேகர் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, "தெரியுங்க, முட்டியால இறுக்கிப் புடிச்சிக்கணும்" என்று அவரே பாடம் நடத்தினார். அங்கேதான் தொடங்கியது வினை.

முழங்காலால் இறுக்கினால் உடம்பு மேலே எழும்பும். ஈரக் கையில் சோப்பை அழுத்தினால் என்ன ஆகும், அதுதான் சேணத்தின்மேல் நடக்கும். போதாததற்கு, விலாவில் இறுக்கினால் 'போ' என்றுதான் குதிரைக்கு அர்த்தம். மல்லிகா வேகமாக நடந்தாள். மாப்பிள்ளை பயந்து இன்னும் இறுக்கினார். அவள் ஓட ஆரம்பித்தாள். நான் கயிற்றோடு இழுபட்டுக்கொண்டு ஓட, பின்னால் பேண்டு செட்டும் சொந்தக்காரர்களும் தெருக்கோடியில் நின்றுவிட்டார்கள். மண்டபத்து வாசலில் இன்னும் ஆரத்தியே கரைக்கவில்லை. மாமனார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, தனியாக வந்து நின்ற மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாங்க மாப்ள, அவ்ளோ அவசரமா?"

மூன்று ஜோடி பூட்ஸ்

அங்கவடி என்பது சேணத்திலிருந்து தொங்குகிற இரும்பு வளையம். அதில் முன்பாதம் மட்டும் இருக்க வேண்டும், குதிகால் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். குதி உயர்ந்த பூட்ஸ் போட்டிருந்தால் கால் வளையத்துக்குள் முழுசாக நுழையாது. விழுந்தாலும் கால் கழன்று வந்துவிடும். வெறுங்காலோ மெல்லிய செருப்போ இருந்தால் கணுக்கால்வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

இதற்காகவே சேகர் மூன்று சைஸில் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார். பட்டு வேட்டிக்குக் கீழே அதைப் போட்டுக்கொள்ள ஒரு மாப்பிள்ளையும் சம்மதிக்கவில்லை. ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை, பையிலிருந்து பூட்ஸை எடுத்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கல்யாண வீடியோவை யார் பார்ப்பார்கள், எத்தனை வருஷம் பார்ப்பார்கள் என்று எங்களுக்கு விளக்கினார். சேகர் பூட்ஸைப் பைக்குள் வைத்த பிறகும் அத்தை விடவில்லை.

"தாலி கட்டப் போற புள்ளைக்கு ஊரான் போட்ட செருப்ப மாட்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?"

துண்டு

பூட்ஸ் போகாத இடத்துக்குத் துண்டு போகும். கல்யாணக் குதிரைக்காரர்கள் எனக்குத் தெரிந்து எல்லாரும் செய்வது இது. மாப்பிள்ளையின் பாதத்தையும் அங்கவடியையும் சேர்த்து ஒரு துண்டால் சுற்றி முடிச்சுப் போட்டு, மேலே வேட்டியை இறக்கிவிட்டுவிட வேண்டும். வெளியே தெரியாது. கால் கட்டியிருக்கிறது என்றதும் மாப்பிள்ளைக்குத் தைரியம் வரும். அவர் உடம்பு தளர்ந்ததும் குதிரையும் அமைதியாகும். ஏழு வருஷம் இதில் ஒரு குறையும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு சின்னக் காயத்தோடு புத்தி வந்திருக்கும்.

முதலில் சேகர்தான் கட்டினார். அவர் போட்ட முடிச்சு பாதி வழியில் தளர்ந்துவிடும். அப்புறம் அந்த வேலை என்னிடம் வந்தது. மல்லாட்டை மூட்டையும் புல்லுக்கட்டும் கட்டி வளர்ந்த கை. நான் போடுகிற முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்க எனக்கு மட்டும்தான் தெரியும், அதிலும் கட்டு தளர்வாக இருந்தால்தான் முடியும். எனக்கு அதில் பெருமை உண்டு. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? மண்டபத்தில் யாராவது குனிந்து பார்த்து, "யாருமா கட்னது, நல்லா கட்டிக்கீறீங்க" என்றால் எனக்குச் சோறே வேண்டாம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன், அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த தன் பங்காளியிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

"இந்தம்மா கட்னா மாப்ள செல மாரி உக்காந்துனு வராருபா, நீயும் இவங்களையே சொல்லு."

பாடுகிறவர்கள்

ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்குகிற வெளியூர்க்காரர்கள் சிலர் காலையில் சவாரி கற்றுக்கொள்ள வருவார்கள். அவர்களில் புனாவிலிருந்து வந்த ஓர் அம்மா, பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஏறி உட்கார்ந்ததும் மூச்சை அடக்கிக்கொள்வார். மேலே இருப்பவர் மூச்சை அடக்கினால் கீழே இருப்பவள் காதை விறைப்பாள். சேகருக்கு இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. "மூச்சு, மூச்சு" என்று சேகர் தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார். அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, சாமி பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்துவிட்டார். பாடுகிறவர் மூச்சை அடக்க முடியாதே. இரண்டு வரியில் தோள் இறங்கியது, இடுப்பு சேணத்தில் அழுந்தியது, மல்லிகா தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து பயந்த மாப்பிள்ளைகளையெல்லாம் பாடச் சொன்னோம். காதைப் பார்க்காதே, தூரத்தில் மலையைப் பார், வாயைத் திறந்து பாடு. இவ்வளவுதான் வித்தை. வேட்டவலத்து மாப்பிள்ளை ஒருவர் வழி முழுக்கச் சினிமாப் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். பேண்டுக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய சிநேகிதர் ஒருவர் என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"அக்கா, குதுரைக்கு பயம் பூட்ச்சி, எங்களாலதான் தாங்க முடியல."

நான் விழுந்தது

இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை இல்லாத நாளில் மல்லிகாவை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போகும்போது நானும் ஏறி உட்காருவேன். ஒரு நாள் காலை ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வேலியில் கட்டியிருந்த பழைய பிறந்தநாள் பேனர் ஒன்று ஒரு பக்கம் அறுந்து, காற்றில் எழுந்து அடித்தது. மல்லிகா பக்கவாட்டில் ஒரே தாவு. நான் மல்லாட்டை பிடுங்கிய நிலத்தில் போய் விழுந்தேன். உழுத மண், மெத்தென்று இருந்தது. மணிக்கட்டு மட்டும் பிசகியது. மல்லிகா நூறு அடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. என் காலை யாராவது கட்டியிருந்தால் இந்த நூறு அடியும் நான் அவள் காலடியில் போயிருப்பேன். இது எனக்கு அன்றைக்கே, அந்த மண்ணில் உட்கார்ந்தபடியே தோன்றியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து விழுந்ததைச் சொன்னேன், தோன்றியதைச் சொல்லவில்லை. சேகர் மணிக்கட்டில் பத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"காலு ரெண்டும் நல்லா மாட்னு இருந்திருந்தா, நீ எதுக்கு வுழப் போற?"

வயிற்று வார்

ஆவணி மாதம் ஒரு பெரிய கல்யாணம். மாப்பிள்ளை வருவதை ட்ரோனில் எடுக்க வேண்டும் என்று வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மல்லிகாவை அந்தச் சத்தத்துக்குப் பழக்க நான்கு நாள்தான் இருந்தது. போட்டோ எடுக்கிற தினேஷ், தெரிந்த பையன், காலை ஏழு மணிக்கு ட்ரோனோடு ஏரிக்கரை நிலத்துக்கு வந்தான். சேகர் மல்லிகாமேல் ஏறி உட்கார்ந்தார். ஆளைத் தள்ளிவிட முடியும் என்று குதிரை ஒரு தடவை தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் தள்ளும், அதனால் என்ன ஆனாலும் மேலேயே இருக்க வேண்டும் என்றார். என்னிடம் இரண்டு துண்டைக் கொடுத்து, "ரெண்டு காலையும் கட்டு" என்றார்.

துண்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 'வேணாம் மாமா' என்பது தொண்டைவரை வந்தது. தினேஷ் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் தொழில் பார்த்தவருக்கு நான் என்ன சொல்வது என்று நினைத்தேன். நம் முடிச்சுக்கு என்ன குறை என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை. கட்டினேன். நன்றாகவே கட்டினேன்.

சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். எல்லாக் குதிரையும் செய்கிற கள்ளத்தனம். அதனால் பத்து அடி நடத்திவிட்டு மறுபடியும் ஒரு முறை இறுக்க வேண்டும். நாங்கள் ஒரு நாளும் அதைத் தவற விட்டதில்லை. அன்றைக்கு அந்தப் பத்து அடிக்குள் தினேஷ் ட்ரோனைக் கிளப்பிவிட்டான். மல்லிகா பின்காலில் எழுந்தாள். என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு போனது. தளர்ந்த வாரில் சேணம் அப்படியே சுழன்று அவள் வயிற்றுக்கு அடியில் போனது. சேகரும் அதோடு போனார்.

ஏரிக்கரையில் கல் பதித்திருந்த இடம்வரை ஓடி மல்லிகா தானாகவே நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஓடிப்போய் முடிச்சில் கை வைத்தோம். நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்தேன், வரவில்லை. அவர் எடை முழுவதும் இழுத்து அதைக் கல்லாக இறுக்கியிருந்தது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் அரிவாளை வாங்கித்தான் அறுத்தேன். அதற்கு முன்னால், அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் முடிச்சைப் பிய்த்துக்கொண்டிருந்த தினேஷ் அழுதுகொண்டே சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, எவ்ளோ இசுத்தாலும் இன்னும் இறுவுதுக்கா."

ஆஸ்பத்திரியில் கேட்டது

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. முதுகுத்தண்டில் அடி. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோது சாயங்காலம் ஆகிவிட்டது. இடது காலில் இனி உணர்ச்சி வருவது சந்தேகம் என்பதை மறுநாள் சொன்னார். எழுத வேண்டியதை எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல மனிதர், அதட்டவில்லை. கணுக்காலிலிருந்து வெட்டி எடுத்த துண்டு ஒரு கவரில் இருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, யார் கட்டியது என்று பொதுவாகக் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணை மூடியிருந்த சேகர் பேசினார்.

"நானேதான் சார் கட்டிக்கினேன்."

ஊர் சொன்னது

குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தன் இரண்டு காலையும் தானே எப்படிக் கட்டிக்கொள்ள முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை. சேகர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், அப்படியே நம்பினார்கள். தினேஷும் வாயைத் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவரைத்தான் திட்டினார்கள். புத்தி கெட்டவன், தன் கையால் தனக்கே குழி பறித்துக்கொண்டான். நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலம், நிம்மதியாகவும் இருந்தது. இரண்டு வருஷம் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு நீட்டும்போது அவர் என் கையைப் பார்த்தால்கூட, அந்த முடிச்சை நினைக்கிறாரோ என்று பயமாக இருக்கும்.

மல்லிகாவை ஒரு மாதம் நான் தொடவில்லை. தீனியைத் தூர இருந்து தள்ளிவிடுவேன். அவள்மேல் அவ்வளவு வெறுப்பு. போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குதிரைக்காரர் விலைக்குக் கேட்டு வந்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பயந்த குதிரை என்று நான் சொன்னேன். விற்கிறவள் சொல்லக் கூடாததைத்தான் சொன்னேன். அவர் அசரவில்லை. காலைக் கட்டப் பெல்ட் வைத்திருப்பதாகச் சொன்னார், லெதர் பெல்ட். விற்கவில்லை என்று அனுப்பிவிட்டேன். என் பெரிய நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"புருசன முடமாக்குன மிருகத்துக்கு கொள்ளு வேக வெக்கிறியே, உனுக்கு மனசே ஆறாதா?"

நடந்து போன மாப்பிள்ளை

மறுபடியும் தொழிலுக்குப் போனேன், தனியாக. போகாமல் முடியாது. ஆனால் பேசும்போதே சட்டம் சொல்லிவிடுவேன். பூட்ஸ் போட்டால்தான் ஏறலாம். முந்தின நாள் சாயங்காலம் கால் மணி நேரம் ஏறி உட்கார்ந்து பழக வேண்டும். பிடித்துக்கொள்ள மல்லிகாவின் கழுத்தில் ஒரு பட்டை கட்டியிருப்பேன், கடிவாளத்தைத் தொடக் கூடாது. காலைக் கட்ட மாட்டேன். வந்த வேலையில் பாதி இதைக் கேட்டே போய்விட்டது. "எல்லாரும் கட்றாங்க, உனுக்கு மட்டும் இன்னா?" என்பார்கள். பதில் சொல்ல மாட்டேன். சொல்லப் போனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒத்துக்கொண்ட ஒரு மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தேரடித் தெருத் திருப்பத்தில் ஒரு பேனர் காற்றில் அடித்தது. மல்லிகா ஒதுங்கித் தாவினாள். நான் கயிற்றை விடவில்லை, ஆனால் மாப்பிள்ளை சரிந்துவிட்டார். பூட்ஸ் இரண்டும் வளையத்திலிருந்து சுத்தமாகக் கழன்று வந்தன. தார் ரோட்டில் உட்கார்ந்த மாதிரி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேட்டியில் அழுக்கு, அவ்வளவுதான். பேண்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அபசகுனம் என்று பெண் வீட்டில் யாரோ சொன்னார்கள். ஒருவர் என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி, காலைக் கட்டாமல் ஏற்றினாயா என்று அடிக்க வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. கழன்று வந்த அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. வாத்தியார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தார். என்னைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான்தான் நல்லா நடந்து போறேனே, நீங்க எதுக்குங்க அழுவுறீங்க?"

சேகர் ஏறியது

சேகர் இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிவரை வாக்கர் பிடித்து நடக்கிறார். காலையில் செங்கம் ரோட்டிலிருந்து கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் சொல்கிறார். குதிகாலை இறக்கு, மூச்சை விடு, மலையைப் பார். குரல் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டால் மல்லிகாவின் காது திரும்பும். ஆனால் விபத்துக்கு அப்புறம் அவர் அவளைத் தொட்டதில்லை.

போன மாதம் ஒரு நாள், வந்தவர்கள் போன பிறகு, தானும் ஏற வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, வேனில் மாடு ஏற்றுவதற்காகப் போட்டிருந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் மல்லிகாவை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொடியை இடுப்புயரம் கொட்டிப் பரப்பினேன். வயிற்று வாரை இறுக்கினேன், பத்து அடி நடத்தினேன், மறுபடியும் இறுக்கினேன். அவரைத் தோளில் தாங்கி ஏற்றினேன். இடது கால் சும்மா தொங்கியது. பூட்ஸை மாட்டி, முன்பாதத்தை மட்டும் வளையத்தில் வைத்துவிட்டேன். அவர் நடுங்கினார். அவர் நடுங்கியதும் மல்லிகா நடுங்கினாள். இத்தனை வருஷம் அடுத்தவருக்குச் சொன்னது ஒன்றும் அவருக்கு வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால கட்டு" என்றார்.

"கட்ட மாட்டேன்."

"கட்டலன்னா வுழுந்துடுவேன், அமுதா. இந்தக் காலுல ஒண்ணும் பெலம் இல்ல."

"வுழுங்க மாமா. கீழ கொடி போட்டு வெச்சிக்கிறேன், நான் கீறேன். கட்ட மாட்டேன்."

அவர் மல்லிகாவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மல்லிகா நடந்தாள். நான் கயிற்றை ஒரு கையிலும் அவர் இடுப்பை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. ஐந்தாவது அடியில் அவர் இடது பக்கமாகச் சரிந்தார். கால் கழன்று வந்தது. அவர் என்மேல் விழ, நான் கொடியின்மேல் விழுந்தேன். மல்லிகா நகரவில்லை. குனிந்து எங்கள் பக்கத்திலேயே கொடியைத் தின்ன ஆரம்பித்தாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கேயாவது வலிக்கிறதா என்று தடவித் தடவிக் கேட்டேன். தலையாட்டினார். என் தோளில் தலையை வைத்தபடி கொஞ்ச நேரம் படுத்திருந்தார். அப்புறம், கோபம் ஏதும் இல்லாத குரலில் கேட்டார். இரண்டு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

"இந்த வார்த்தைய நீ அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

விழாமல் உட்காருவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது முதலில் விழுவதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அதற்குத் தனியாகப் பீஸ் வாங்குவதில்லை, எங்கள் வீட்டிலேயே அதைக் கொடுத்தாகிவிட்டது.